கரோட்டினுக்குப் போட்ட சட்டை எது?

கந்தசஷ்டி விரதம் தொடங்கினால் எங்கட ஆட்கள் கடையில் பொதியைத் திருப்பித் திருப்பி வாசிப்பார்கள். முட்டை இருக்கா, ஜெலட்டின் இருக்கா என்று நானும் பார்ப்பேன். நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பட்டியலில் எழுதத் தேவையில்லாத சாமானும் உள்ளே இருக்கலாம்.

தோடம்பழ நிறத்தில் விற்கும் பல பானங்களுக்கு நிறம் கொடுப்பது பீற்றா கரோட்டின். பொதியில் ஈ160ஏ என்றும் போடுவார்கள். கரட்டில் இருப்பதும் இதுதான். இது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுவிடும். அதனால் எண்ணெயில் கரைத்து, மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் ஒரு சட்டை போடுகிறார்கள்.

தேங்காய்ப்பாலை நினைத்துப் பாருங்கள். அதுவும் தண்ணீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள்தான். தேங்காயின் புரதம் அவற்றைச் சுற்றி நிற்கிறது. ஆனாலும் கொஞ்சநேரம் வைத்தால் பிரிந்துவிடும். போத்தல் பானம் மாதக்கணக்கில் பிரியாமல் இருக்கவேணும். அதற்கு வலுவான சட்டை தேவை.

அந்தச் சட்டை சூடானில் அதிகம் கிடைக்கும் அக்கேசியா மரப் பிசினாக இருக்கலாம். மாற்றம் செய்த மாச்சத்து, பால் புரதம், ஜெலட்டின் என்பவையும் உண்டு. ஜெலட்டின் என்றால் மாடு, பன்றி, மீன் எதிலிருந்தும் வரலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 சட்டப்படி, இப்படித் தாங்கியாகச் சேர்ப்பதைப் பட்டியலில் எழுதத் தேவையில்லை. பால் ஒவ்வாமை தரும் என்பதால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். மீனும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளதுதான். ஆனால் விற்றமினையும் கரோட்டினையும் தாங்கும் மீன் ஜெலட்டினுக்கு மட்டும் விலக்கு! பிரித்தானியாவிலும் இதே விதிதான்.

உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. பயப்படவும் வேண்டாம், பிசினும் மாச்சத்தும் போட்டுச் செய்தவை தாராளமாக இருக்கின்றன. ஆனால் சைவம் சாப்பிடுகிறவருக்கு, ஹலால் பார்க்கிறவருக்கு இது மனச்சாட்சி சம்பந்தப்பட்ட விஷயம். தெரிந்து விடுவதும் தெரியாமல் குடிப்பதும் ஒன்றல்ல.

ஆகவே சைவம் அல்லது வீகன் முத்திரை உள்ளதை வாங்குங்கள். முத்திரை இல்லையா? "கரோட்டினை எதில் பொதிந்திருக்கிறீர்கள்?" என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது இரண்டு நிமிட வேலை. அம்மம்மாவுக்கு அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவியும் அதுதான். நிறையப் பேர் கேட்டால்தான் அந்த ஒரு சொல் பொதியில் ஏறும்.