மின்னஞ்சலில் மாற்றுப் பெயர்

பதவியில் அமர்வோர் மாறுவர்; பதவி மாறுவதில்லை. இதனை மறந்தமையால் வந்த இழப்பை எம் இல்லத்திலேயே கண்டோம். ஓசூரிலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு எம் தமையனார் வேலை வேண்டி மின்னஞ்சல் விடுத்தார். அவர்க்குக் கிடைத்த முகவரி ஓர் அலுவலரின் சொந்தப் பெயரால் அமைந்தது. அவ்வலுவலரோ முன்னரே பணி நீங்கிப் பெங்களூர் சென்றிருந்தார். விண்ணப்பம் திறப்பாரின்றிக் கிடந்தது. குறித்த நாளும் கடந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் எல்லை கடந்து வந்து பணிபுரியும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆள் மாறுதல் இயல்பே. ஆயின் அதனால் மடல் வீணாதல் வேண்டா.

யுனிக்ஸ் வகைச் சர்வர்களில் இதற்கு எளிய வழியுண்டு. பெர்க்லி நகரில் எரிக் ஆல்மன் என்பார் இயற்றி, 1983இல் பெர்க்லி யுனிக்ஸோடு வெளிப்போந்த செண்ட்மெயில் என்னும் நிரல், 'அலையாசஸ்' என்னும் கோப்பைப் பார்த்தே மடலைப் பகிர்ந்தளிக்கும். 1998இல் வெளிவந்த போஸ்ட்பிக்ஸ் நிரலும் அம்முறையையே தழுவிற்று.

அமைக்குமாறு கூறுவாம். 'ரூட்' என்னும் தலைமை உரிமை உடையார், 'ஈடிசி' அடைவிலுள்ள அக்கோப்பைத் திறந்து, மாற்றுப் பெயர் இடப்புறமும், முக்காற்புள்ளி இடையிலும், மடல் பெறுவோர் பெயர் வலப்புறமுமாக ஒரு வரி எழுதுக. பெயர்கள் உரோம எழுத்தில் அமைதல் வழக்கம். அவ்வரியைத் தமிழில் எழுதிக் காட்டின் இவ்வாறாகும்:

விண்ணப்பம்: மேரி, முனிராஜ்

பின்னர் 'நியூஅலையாசஸ்' என்னும் கட்டளையை இடுக. சர்வர் விரைந்து தேடுதற்குரிய அட்டவணையை அக்கட்டளையே ஆக்கும். அஃதின்றேல் பழைய அட்டவணையே நிற்கும். இறுதியில் ஒரு மடல் விடுத்துச் சோதித்தறிக.

நிகண்டு பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று. திவாகரத்தின் முதற்பத்துத் தொகுதிகள் ஒருபொருட்குரிய பல பெயர்களை உரைக்கும். பன்னிரண்டாவது, பல பொருட்கூட்டத்திற்குரிய ஒரு பெயரை உரைக்கும். அங்ஙனமே பல வரிகளால் பல மாற்றுப் பெயர்களை ஒருவரிடம் சேர்க்கலாம். ஒரு பெயரால் பலரையும் எய்தலாம்.

ஈண்டு மூன்று எச்சரிக்கைகள் உள. இரு மாற்றுப் பெயர்கள் ஒன்றையொன்று சுட்டுமாயின் மடல் எவரையும் அடையாது. பணி நீங்கினார் பெயரை வரியினின்று நீக்காவிடின், பிறர் செய்தி அவரிடம் தொடர்ந்து செல்லும். குறை கூறுதற்குரிய 'போஸ்ட்மாஸ்டர்' என்னும் பெயர் எவ்விடத்தும் இருத்தல் வேண்டுமென்பது 1982ஆம் ஆண்டு மின்னஞ்சல் விதி. அப்பெயர்க்கு வரும் மடலைப் படிப்பார் ஒருவரை அமர்த்துக.

நண்பர்காள்! நம் சங்கங்களின் செயலாளரும் ஆண்டுதோறும் மாறுவர். பழைய மாணவர் ஒருவர் பல்லாண்டு கழித்து எழுதினும் அவர் மடல் இன்றைய செயலாளரை அடைதல் வேண்டும். ஆதலின் முகவரிக்கு ஆளின் பெயரை இடாது, பணியின் பெயரையே இடுவோமாக. எம் தமையனார்க்கு அன்று வேண்டியிருந்தது அவ்வொரு வரியே.