வாக்குறுதிக்கு விலைச்சீட்டு கேளுங்கள்

2019 நவம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது மொன்றியல் செயின்ட்-மிஷேலில் இருந்த தமிழர்களுக்கு அதில் வாக்கில்லை. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க அந்த நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் தேர்தலின் செலவில் இவர்களுக்கும் பங்கு வந்தது. 2022இல் ஊரில் பால்மாவும் எரிவாயுவும் மருந்தும் கிடைக்காமல் போனபோது இங்கிருந்து போன டொலர்தான் பல வீடுகளுக்குக் கைகொடுத்தது.

கோத்தாபய ராஜபக்ச அந்தத் தேர்தலில் வரிகளைக் குறைப்பதாகச் சொன்னார். சொன்னதைச் செய்தும் காட்டினார். பதவியேற்ற பத்து நாளுக்குள் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்க அமைச்சரவை முடிவெடுத்தது. சம்பளத்தில் கழிக்கப்பட்டு வந்த வரியும் 2020 தொடக்கத்தில் நீங்கியது. இப்படிச் செய்தால் நாடு வெனிசுவேலா, கிரேக்கம் போல வங்குரோத்தாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வாக்களிப்புக்கு முன்பே எச்சரித்திருந்தார். எதிரணிக்காரர் சொல்வதைத் தேர்தல் நேரத்தில் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 வீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் 8 வீதமளவுக்கு இறங்கியது. கொரோனாவுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வரியை வெட்டிய நாட்டைக் கடன் தரத்தை மதிப்பிடும் நிறுவனங்கள் படிப்படியாகக் கீழே இறக்கின. சர்வதேசச் சந்தையில் புதிதாகக் கடன் வாங்கும் வழி அடைபட்டது. துண்டு விழுந்த தொகைக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. குறைத்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாகத் திரும்பி வந்தது. சம்பள வரி நீங்கியதால் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை, அவர் அந்த வரியைக் கட்டியவரே அல்ல. விலையேற்றத்தை மட்டும் அவரும் முழுதாகக் கட்டினார்.

ரூடிகர் டோர்ன்புஷ், செபாஸ்டியன் எட்வர்ட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் சிலி, பெரு போன்ற நாடுகளை வைத்து 1991இலேயே இந்தப் பாதையை வரைந்திருந்தார்கள். முதலில் எல்லோர் கையிலும் காசு புழங்கும், திட்டம் வென்றதுபோலவே தெரியும். பிறகு தட்டுப்பாடு, விலையேற்றம், நாணய வீழ்ச்சி. கடைசியில், யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களின் சம்பளம் தொடங்கிய இடத்துக்கும் கீழே போயிருக்கும்.

இதற்கு நிவாரணம் உண்டா? 2023 நவம்பர் 14இல் இலங்கை உயர் நீதிமன்றம், கோத்தாபயவும் அவருடைய சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உட்பட்டவர்கள் பொது நம்பிக்கையை மீறி மக்களின் அடிப்படை உரிமையைப் பாதித்தார்கள் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களில் ஒருவர் ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங். வரலாறு போற்றும் தீர்ப்புத்தான். ஆனால் மனுதாரருக்குக் கிடைத்தது தலா 150,000 ரூபா வழக்குச் செலவு. வரிசையில் நின்ற மக்களுக்கு நட்டஈடு எதுவுமில்லை. நீதிமன்றம் வரும்போது காசு போய்விட்டிருக்கும். கேட்க வேண்டிய நேரம் வாக்களிப்புக்கு முன்புதான்.

கனடாவில் ஜனாதிபதி இல்லை, தேர்தல் காலத் தாராளம் உண்டு. 2022 தேர்தலை ஒட்டி கியூபெக் அரசு இரண்டு முறை காசு கொடுத்தது: மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த 500 டொலர், டிசம்பரில் வருமானத்துக்கேற்ப 400 அல்லது 600. கூடவே 2023இல் முதல் இரண்டு வருமானப் படிகளுக்கும் ஒவ்வொரு வீத வரிக்குறைப்பு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது தவறென்பேன். விலைவாசி ஏறிய வருடத்தில் துப்புரவு வேலை செய்பவர் கைக்குப் போன 600 டொலர் ஒரு முறையோடு முடிந்தது. வரிக்குறைப்போ ஒவ்வொரு வருடமும் கருவூலத்திலிருந்து போகிறது, வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு அதில் எதுவுமே இல்லை. 2024 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் மாகாணத்தின் பற்றாக்குறை 11 பில்லியன் டொலர். 2025 ஏப்ரலில் எஸ் அண்ட் பி நிறுவனம் கியூபெக்கின் கடன் தரத்தைக் குறைத்தது. இது இலங்கையாகப் போவதில்லை. ஆனாலும் பற்றாக்குறை என்றால் அது பிறகு பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும்தான் வெட்டாக வரும்.

செயின்ட்-மிஷேல்காரருக்கு இன்னொரு வகை வாக்குறுதியும் பழக்கம். நீலப் பாதை மெட்ரோ 1986 முதல் இங்கேயே நிற்கிறது. அஞ்சூ வரை நீட்டுவோம் என்று மாறி மாறி வந்த அரசுகள் சொல்லியிருக்கின்றன. 2018இல் சொன்ன விலை 3.9 பில்லியன், திறப்பு 2026. 2022இல் விலை 6.4 பில்லியன். இப்போது சொல்லும் திறப்பு ஆண்டு 2031.

விலைச்சீட்டைக் கேட்க வழி இருக்கிறது. கட்சிகள் கோரினால் மத்தியத் தேர்தல் வாக்குறுதிகளுக்கு நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலர் செலவைக் கணக்கிட்டு வெளியிடுகிறார். கணக்கிடாத வாக்குறுதி எது என்று பார்ப்பதே பாதி வேலை. கியூபெக்கில் தேர்தலுக்கு முன் நிதியமைச்சு வெளியிடும் அறிக்கையைத் தலைமைக் கணக்காய்வாளர் பரிசீலிக்கிறார். வேட்பாளர் வாசலுக்கு வந்தால், காசு எந்த வரியிலிருந்து, எத்தனை வருடத்துக்கு, எந்தச் சேவை குறையும் என்று கேளுங்கள். வதிவிட உரிமை மட்டும் உள்ளவருக்கு வாக்கில்லை, கேள்வி கேட்கத் தடையில்லை.

தேர்தலை ஒட்டி அரசு அறிவிக்கும் காசும் வரிப்படிவம் போட்டவருக்கே வரும். கியூபெக்கில் மத்திய அரசுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று என இரண்டு. வருமானம் இல்லை என்று போடாமல் விட்டவர்கள்தான் காசை இழக்கிறார்கள். குறைந்த வருமானக்காரருக்குத் தொண்டர்கள் இலவசமாகப் படிவம் நிரப்பும் முகாம்கள் மார்ச், ஏப்ரலில் நடக்கும். இப்படி அறிவிப்பு வரும் நாட்களில் மோசடிக்காரர்களும் வேலையைத் தொடங்குவார்கள். "உங்கள் பணம் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாமல் அழித்துவிடுங்கள். கனடா வருமானவரித் துறை இ-ட்ரான்ஸ்பர் மூலம் காசு அனுப்புவதில்லை.

அடுத்த கியூபெக் தேர்தலுக்குச் சட்டம் குறித்த நாள் 2026 அக்டோபர் 5, திங்கட்கிழமை. வாக்குச்சாவடி திறந்திருக்கும் நேரத்தில், சாப்பாட்டு நேரம் சேராமல், தொடர்ந்து 4 மணி நேரம் வாக்களிக்க விட வேண்டியது முதலாளியின் கடமை. அதற்காகச் சம்பளம் வெட்டக்கூடாது.