"சிங்" என்றாலே சர்தார்ஜியா?
"சிங்" என்று பேர் சொன்னதுமே, "ஓ, சர்தார்ஜியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறு!

"சிங்" என்ற பேரில் 3 பேர் பிரதமராக இருந்திருக்கிறார்கள். சரண்சிங் இந்து. வி.பி.சிங்கும் இந்து. மன்மோகன்சிங் மட்டும்தான் சீக்கியர்.

சிங்கம்

1699-ம் ஆண்டு ஆனந்தபூரில் குரு கோவிந்த்சிங் "கால்சா" அமைப்பை தொடங்கினார். அதில் சேர்ந்த ஆண்களுக்கு "சிங்" (சிங்கம்) என்றும், பெண்களுக்கு "கவுர்" என்றும் பேர். சாதிப் பட்டம் ஒழியவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் ராஜபுத்திரர்களிடம் "சிங்" அதற்கு முன்பே இருந்தது.

அண்ணன் - தம்பி

சாதிப் பட்டமும் ஒழிந்துவிடவில்லை. பேடி, கோலி, சேத்தி போன்ற பட்டங்கள் இந்துக்களிடமும் உண்டு, சீக்கியர்களிடமும் உண்டு. குருநானக்கே பேடி குடும்பத்தில் பிறந்தவர்தான். பஞ்சாபில் பல இந்து குடும்பங்களில் மூத்த மகனை சீக்கியனாக வளர்க்கும் வழக்கம் இருந்தது. அண்ணன் தலைப்பாகை கட்டுவார். தம்பி கிராப்பு வெட்டிக்கொள்வார். இருவருக்கும் பட்டம் ஒன்றே!

உயிருக்கு உலை

அப்படிப்பட்ட பேரே ஒருநாள் எமனாக வந்தது. 1984 நவம்பரில் டெல்லியில் கலவரக் கும்பல், வாக்காளர் பட்டியலை கையில் வைத்துக்கொண்டு சீக்கியர் வீடுகளைத் தேடிப்போனது. டெல்லியில் மட்டும் பலியானவர்கள் 2,733 பேர் என்கிறது அரசு கணக்கு.

ஓட்டு போடக் கொடுத்த பேர், உயிருக்கே உலை வைத்துவிட்டது.