தொழிலாளர் இலாகாவும் தோட்டக் குடும்பங்களும்



சம்பளத்தில் நாலு நாள் கூலி குறைந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் மண்டோரிடம் சொல்கிறோம். பிறகு கிராணியிடம் கேட்கிறோம். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதில் வருகிறது. அடுத்த மாதமும் போய்விடுகிறது. பட்டணத்தில் தொழிலாளர் இலாகா என்று ஒன்று இருப்பது நமக்குத் தெரியும். ஆனாலும் போகத் தயங்குகிறோம். இலாகா என்ன செய்யும், எத்தனை நாளுக்குள் அதனிடம் போக வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே கெர்லிங், களும்பாங் என்று எங்கே வேலை செய்தாலும் நமக்குச் சட்டம் ஒன்றுதான். நம் நாட்டில் தொழிலாளர் விவகாரம் மத்திய அரசின் பொறுப்பு. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் இந்த இலாகா, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. தொழிலாளர் சட்டத்துக்கும் தோட்டங்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பிள்ளைகள் போதிய அளவில் உள்ள தோட்டங்களில் நிர்வாகமே பள்ளிக்கூடம் அமைக்க வழி செய்தது. ஆசிரியர்களாகிய நாங்கள் வேலை பார்க்கும் தோட்டப் பள்ளிகள் பல அப்படி வந்தவைதாம்.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். ஒரு மாதக் கூலியை, அந்த மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கூலிக் கணக்கையும் பிடித்த தொகையையும் எழுத்தில் தர வேண்டும். சேமநிதி, சொக்சோ போன்றவற்றைப் பிடிக்கலாம். முன்பணத்தைக் கழிக்கலாம். நினைத்ததையெல்லாம் பிடிக்க முடியாது. சட்டம் சொல்லாத பிடித்தத்துக்கு இலாகாவின் அனுமதி வேண்டும். பொதுவாக, பிடித்தம் எல்லாம் சேர்ந்து மாதக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி.

இவற்றைச் சரிபார்க்க, இலாகா அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமலே வேலையிடத்துக்குள் வரலாம். சம்பளப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பதிவேடுகளை முதலாளி ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கூலி பாக்கி பற்றிப் புகார் செய்தால், இலாகாவே இரு தரப்பையும் அழைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். இதைத்தான் தொழிலாளர் நீதிமன்றம் என்கிறோம். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் வாயாலேயே சொல்லலாம்.

இலாகா தொழிலாளிக்கு மட்டும் ஆனதா என்று கேட்கலாம். முதலாளியும் அங்கே போகலாம். நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனவரிடம் அதற்குரிய தொகையைக் கோர அவருக்கும் உரிமை உண்டு. சட்டம் புரியாத சிறு தோட்டக்காரர் அங்கே விளக்கம் பெறலாம். கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவருக்குப் பொய்ப் புகாரால் கேடு வராது. ஒழுங்காகக் கூலி கொடுக்கும் தோட்டத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பக்கத்துத் தோட்டம் கூலியைக் குறைத்து இலாபம் தேடுவதைச் சட்டம் தடுக்கிறது அல்லவா?

இனி, நம் பகுதியில் பல குடும்பங்களைத் தாக்கிய விஷயத்துக்கு வருவோம். தோட்டம் கைமாறுகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. அப்போது வேலை இழப்பவருக்கு 1980ஆம் ஆண்டின் விதிகள் ஆட்குறைப்புத் தொகை கொடுக்கின்றன. குறைந்தது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் கூலி. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை பதினைந்து நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் இருபது நாள். 24 ஆண்டு பால் வெட்டிய அம்மாவுக்கு 480 நாள் கூலி வர வேண்டும். கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்து ஒரு நாள் கூலியைக் கணக்கிடுவார்கள். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். ஓய்வு வயதில் போகிறவருக்கும் தாமாக வேலையை விட்டவருக்கும் இது கிடையாது. புதிய முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால், நியாயமான காரணமின்றி மறுப்பவருக்கும் கிடையாது. ஆகவே, தோட்டம் விற்பனை என்று காதில் விழுந்தால், புதிய முதலாளி சொல்வதை எழுத்தில் கேளுங்கள். கையொப்பம் இடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்களும் நம்மில் உண்டு. அவர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலையைக் கொடுத்த தோட்டத்துக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அது மூன்று மாதக் கூலிக்கு மட்டுமே. அதுவும், கூலி வர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் இலாகாவில் புகார் செய்திருக்க வேண்டும். "பாவம், கொடுத்துவிடுவார்" என்று நாலு மாதம் காத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினார்கள், மீண்டும் வேலை வேண்டும் என்றால், அது தொழில் உறவு இலாகாவின் வேலை. அங்கே 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாவிட்டால் தொழிற்சங்கத்தைக் கேட்கலாம்.

இத்தனைக்கும் நம் கையில் சான்று வேண்டும். சம்பளச் சீட்டு, வேலைக்குச் சேர்ந்த கடிதம், சேமநிதிக் கணக்கு, நோட்டீஸ் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் ஒழுங்காகப் போட்டு வையுங்கள். சீட்டில் இருப்பது மலாய் மொழியாக இருந்தால், பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேலை செய்த நாட்கள் எத்தனை, பிடித்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று பிள்ளை கூட்டிப் பார்க்கட்டும். கணக்குச் சரியாக வரவில்லையென்றால், அந்தச் சீட்டோடு அந்த மாதமே இலாகாவுக்குப் போங்கள்.