"பிளாக்செயினோட கூகுள்"னு சொல்றாங்களே… ஜிஆர்டி டோக்கன் வாங்கலாமா?

"தி கிராஃப்தான் பிளாக்செயினோட கூகுள். ஜிஆர்டி டோக்கனை வாங்கிப் போட்டுட்டு மறந்துடுங்க." கிரிப்டோ பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவங்க இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. தி கிராஃப் நல்ல கருவியா? ஆமாம். அப்போ அதோட டோக்கன் நல்ல முதலீடா? அது வேற கேள்வி. ரெண்டையும் தனித்தனியா பார்க்கலாம் வாங்க.

இந்தக் கருவி எதுக்கு?

பிளஸ் ஒன்ல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். குறிப்பேட்டுல எல்லா நடவடிக்கையும் தேதி வாரியா, வரிசையா ஏறும். பேரேட்டுல ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம். ஒரு ஆள் நமக்கு எவ்வளவு தரணும்னு பார்க்க பேரேட்டைத் திறந்தா ஒரு நிமிஷ வேலை. குறிப்பேடு மட்டும்தான் இருக்குன்னா முதல் பக்கத்துல இருந்து புரட்டணும்.

எத்தீரியம் மாதிரியான பிளாக்செயின் ஒரு பெரிய குறிப்பேடு. ஒரு முகவரியில இப்போ இருப்பு எவ்வளவுன்னு கேட்டா உடனே சொல்லிடும். ஆனா யூனிஸ்வாப்ல ஒரு குறிப்பிட்ட ஜோடியில கடந்த 30 நாள்ல தினமும் எவ்வளவு வியாபாரம் நடந்ததுன்னு கேட்டா நேரடி பதில் கிடையாது. 12 விநாடிக்கு ஒரு பிளாக்குன்னா ஒரு நாளைக்கு 7,200. 30 நாளைக்கு 2,16,000 பிளாக். அத்தனையிலயும் இருக்குற பதிவுகளைத் தேடி எடுத்து, நாள் வாரியா கூட்டணும். பயனர் ஒவ்வொரு தடவை ஆப்பைத் திறக்கும்போதும் இதைச் செய்ய முடியுமா? முடியாது.

அதனாலதான் இண்டெக்ஸிங் கருவி. குறிப்பேட்டை ஒரு தடவை படிச்சு, பேரேடு மாதிரி தயார் பண்ணி வச்சிடும். புது பிளாக் வர வர அதையும் சேர்த்துக்கும். சில சமயம் கடைசியா வந்த பிளாக்கை நெட்வொர்க் தள்ளிட்டு வேற பிளாக்கை ஏத்துக்கும். அப்போ எழுதின கணக்கை அழிச்சு மறுபடி எழுதணும். இந்தத் தலைவலியையும் கருவியே பார்த்துக்கும்.

தி கிராஃப் எப்படி வேலை செய்யுது?

டெவலப்பர் 'சப்கிராஃப்'னு ஒண்ணு எழுதுவார். அதுல மூணு பகுதி:

1. ஸ்கீமா: எந்தத் தகவல்களை, எந்த வடிவத்துல சேமிக்கணும்.
2. மேனிஃபெஸ்ட்: எந்த கான்ட்ராக்ட்டை, எந்த பிளாக்ல இருந்து, எந்த நிகழ்வுகளுக்காகக் கவனிக்கணும்.
3. மேப்பிங்: வந்த நிகழ்வைச் சேமிக்கிற தகவலா மாத்துற கோடு.

இது தயாரானதும் ஆப் கேட்கிற கேள்விக்கு கிராஃப்கியூஎல் மூலமா உடனே பதில் வரும்.

2020 டிசம்பர்ல இதோட பரவலாக்கப்பட்ட நெட்வொர்க் தொடங்குச்சு. சர்வர் வச்சு இந்த வேலையைச் செய்றவங்க இண்டெக்ஸர்கள். அவங்க ஜிஆர்டியைப் பிணையா கட்டணும். சர்வர் இல்லாத நம்மள மாதிரி ஆளுங்க நம்ம டோக்கனை ஒரு இண்டெக்ஸர் பேர்ல ஒப்படைச்சு வெகுமதியில பங்கு வாங்கலாம். இதுக்குப் பேர் டெலிகேஷன். "வட்டி வருது பாருங்க"ன்னு விளம்பரம் பண்றது இதைத்தான்.

அந்த "வட்டி" எங்கிருந்து வருது?

இங்கதான் நீங்க உன்னிப்பா பார்க்கணும். வெகுமதி ரெண்டு வழியில வரும். ஒண்ணு, ஆப் நடத்துறவங்க கேள்விக்குக் கட்டுற கட்டணம். இது நிஜ வருமானம். இன்னொண்ணு, நெட்வொர்க் புதுசா அச்சடிச்சுக் கொடுக்குற டோக்கன். தொடக்கத்துல மொத்தம் 1,000 கோடி ஜிஆர்டி. ஆண்டுக்கு 3% புதுசா வெளியிடுறதுதான் ஆரம்பத் திட்டம். அதாவது முதல் வருஷமே சுமார் 30 கோடி. புதுசா அச்சடிச்ச டோக்கன் உங்க எண்ணிக்கையைக் கூட்டும், மதிப்பைக் கூட்டாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில ஜிஆர்டி 2 டாலரைத் தாண்டுச்சு. 2022 கடைசியில 10 சென்ட்டுக்கும் கீழே. 2 டாலருக்கு 100 டோக்கன் வாங்கினவர் போட்டது 200 டாலர். வருஷத்துக்கு 10% வெகுமதின்னே வச்சுக்குவோம். ரெண்டு வருஷத்துல 121 டோக்கன். 10 சென்ட் வீதம் 12 டாலர். அவ்வளவுதான்!

கருவி நல்லா ஓடினா டோக்கன் ஏறாதா?

ஏறியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. கிராஃப் நோட் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். டெவலப்பர் அதைத் தன் சர்வர்லயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட ஓட்டிக்கலாம். ஒரு ஜிஆர்டிகூட தேவையில்லை. கோல்ட்ஸ்கை மாதிரி நிறுவனங்கள் அதே சப்கிராஃபை வாங்கி நடத்தித் தர்றாங்க. சப்குவெரி, பாண்டர்னு மாற்றுக் கருவிகளும் இருக்கு. ஆக, இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துறவங்க பெருகினாலும் அந்தப் பணம் டோக்கனுக்குத்தான் வரும்னு சொல்ல முடியாது.

போடறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

- வெகுமதியில கட்டண வருமானம் எவ்வளவு, புது டோக்கன் எவ்வளவு?
- டெலிகேட் பண்ணும்போது என்ன பிடிப்பாங்க? வெளியே எடுக்க எத்தனை நாள்? ஆரம்ப விதிப்படி 0.5% பிடித்தம், 28 நாள் காத்திருப்பு. விலை சரியும்போது 28 நாள் ரொம்ப நீளம். இப்போதைய விதியைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.
- வரி? இந்தியாவுல கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30% வரி. அந்த ஜூலையில இருந்து விற்பனைக்கு 1% டிடிஎஸ்ஸும் உண்டு. நஷ்டத்தை வேற வருமானத்துல கழிக்க முடியாது.

நீங்க டெவலப்பரா இருந்தா, சப்கிராஃப் எழுதக் கத்துக்கிறது நல்ல முதலீடு. அதுக்கு டோக்கன் வாங்க வேண்டியதே இல்லை. முதலீட்டாளரா இருந்தா, முழுசா போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத தொகைக்கு மேல இதுல வைக்காதீங்க. அவசர கால நிதியும், டேர்ம் இன்ஷூரன்ஸும் எடுத்து வைக்காம இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

இது புரிதலுக்கான கட்டுரை, முதலீட்டு ஆலோசனை இல்லை.