பித்தளைப் பாத்திரமும் குழந்தையின் ஈரலும்

நியாயஸ்தலத்தில் வாய் திறவாத சாட்சியை வைத்துக்கொண்டு வக்கீல் படும் பாட்டை நாம் அறிவோம். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பரிசோதிக்கும் வைத்தியரின் பாடு அதனினும் கடினம். தாயாரை விசாரித்தே அவர் உண்மையை அறிய வேண்டும். எதை விசாரிப்பது என்பதில்தான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது.

நம் வீடுகளில் ஈரல்கட்டி என்று வழங்கிய கொடிய வியாதியே இதற்குத் திருஷ்டாந்தம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வயிறு உப்பும், ஈரல் கெட்டிப்படும், பின்னர் காமாலையும் மகோதரமும் கண்டு உயிர் பிரியும். 1887-ல் கல்கத்தாவில் டாக்டர் சென் இதனை வர்ணித்த பிறகும் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் காரணம் விளங்கவில்லை. சென்னையில் ஜம்மி மருந்து இந்நோய்க்கென்றே பிரசித்தி பெற்றிருந்தது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துக் குழந்தைகள் மடிந்தமையால், வம்சதோஷம் என்று பலர் எண்ணினர். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ!

1979-ல் டாக்டர் டானர் முதலியோர், இக்குழந்தைகளின் ஈரலில் தாமிரம் அபரிமிதமாகச் சேர்ந்திருப்பதை வெளியிட்டனர். தாமிரம் எங்கிருந்து வந்தது? புனேயில் டாக்டர் ஆனந்த் பண்டிட், டாக்டர் ஷீலா பாவே ஆகியோரும் அவரும் சேர்ந்து அடுப்பங்கரையை விசாரித்தனர். தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தி, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைப் புகட்டியது தெரிய வந்தது. பாலிலுள்ள புரதம் தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது. ஒரே குடும்பத்தில் நோய் கண்டதற்கு, ஒரே பாத்திரமும் காரணமாயிருக்கலாமன்றோ? பிறவி உடல்வாகும் சேர்ந்திருக்கலாம் என்ற வாதம் தீரவில்லையெனினும், எவர்சில்வர் பரவிய பின் நோய் அநேகமாக மறைந்தது.

இது நம் தேசத்திற்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பிரதேசத்தில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இத்தகைய நோயால் இறந்தமை 1996-ல் வெளியாயிற்று. அங்கும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலே!

இப்போது பித்தளையும் செம்பும் முன்னோர் பெருமை என்ற பெயரால் மறுபடியும் சமையலறைக்குள் வருகின்றன. சுதேசி அபிமானத்தில் நாம் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் நம் பாட்டிமார் அப்பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவித்தார்கள். இன்று ஈயம் பூசுபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இளம் வைத்தியர்களில் அநேகர் இந்நோயைக் கண்ணால் கண்டதில்லை. ஈரல் கெட்டித்த குழந்தையொன்று நாளை எதிரில் வந்தால், "பால் எதில் காய்ச்சுகிறீர்கள், அம்மா?" என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுமா என்பதே நமது கவலை.