அளவறிந்து பெட்டி செய்பவர் யார்?



சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கார் ஒன்றை வாங்கும் நம் தோட்டத்து இளைஞர்களில் பலர் அடுத்ததாக விரும்புவது, பாட்டின் தாழ்ந்த ஓசையை முழங்கச் செய்யும் சப்வூஃபர் ஒலிபெருக்கியை. கடையில் விற்கும் பெட்டி காரின் சாமான் அறையில் அடங்காதபோது, அளவெடுத்துச் செய்து தருபவரைத் தேட வேண்டியிருக்கிறது. ரெங்கத்திலிருந்து குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ புறப்படுமுன், யாரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்று நாம் அறிந்திருப்பது நல்லது.

முதலில், பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும்போது பின்புறம் காற்றை இழுக்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் இரண்டும் கலந்து, தாழ்ந்த ஓசை மங்கிவிடும். அந்தத் தடுப்பே பெட்டி. மூடிய பெட்டி மிகச் சிறிதானால் ஆழ்ந்த ஓசை குறைந்து இரைச்சல் மிகும். மிகப் பெரிதானால் கூம்பு அளவுக்கு மீறி ஆடிப் பழுதாகலாம்.

இந்த அளவைக் கணக்கிடும் வழியை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961இல் வெளியிட்டார்; 1970களில் ரிச்சர்டு ஸ்மால் அதனை விரிவாக்கினார். அவர்கள் வகுத்த எண்கள்தாம் ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் அச்சிடப்படுகின்றன. ஆகவே, அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவரே தொழில் தெரிந்தவர். பார்க்காமலே விலை சொல்பவர் அலமாரி செய்வதுபோலவே இதையும் செய்துவிடுவார்.

இரண்டாவதாக, உள்ளளவைக் கேளுங்கள். வெளியே 40, 40, 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி 48 லிட்டர் என்று தோன்றும். பலகையின் கனம் 18 மில்லிமீட்டர் என்றால், உள்ளே ஏறக்குறைய 35 லிட்டர்தான் இருக்கும். ஒலிபெருக்கியே அடைக்கும் இடத்தையும் இதில் கழிக்க வேண்டும். இதைத் தாமே எடுத்துச் சொல்பவரை நம்பலாம்.

மூன்றாவதாக, அவர் முன்பு செய்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையா, மூட்டுகளில் காற்றுக் கசியாமல் பசை இட்டிருக்கிறாரா, ஓசையில் அதிர்வோ சீழ்க்கையோ கேட்கிறதா என்று கவனியுங்கள். பெட்டி நகராமல் பிணைக்கப்பட வேண்டும். மாற்றுச் சக்கரத்தை எடுக்கவும் வழி வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கம்பி உராய்ந்து தேய்ந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு.

நான்காவதாக, அளவு, பலகை, விலை, முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுதி, முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வேலை கெட்டுப்போய்ப் பணமும் திரும்பாவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி; 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால், ரசீது இல்லாத வழக்கு வலுவற்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். 85 டெசிபல் ஓசையை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும்; 91 டெசிபலுக்கு 2 மணி நேரமே. போன செவிப்புலன் திரும்பாது. நல்ல பெட்டி அமைந்தால், அளவான ஓசையிலேயே பாட்டு நிறைவாகக் கேட்கும். பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்வோம்.